மூன்றாம் அலகு, நான்காம் கேள்வி

சிவப்புப் பூட்டுதான் வேண்டும் என்றது பாடநூல்.
செவ்வாய்ப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
பித்தளை இருந்தது, பெட்டிப் பூட்டு இருந்தது.
"எந்தக் கலரா இருந்தா என்ன மேடம், பூட்டுனா சரி."
பதினான்கு வாங்கி வந்து
ராத்திரி உட்கார்ந்து நெயில் பாலிஷ் பூசினேன்.
மூன்று குப்பி தீர்ந்தது.
தொகுப்பூதியக்காரிக்கு இதற்கெல்லாம் ரசீது கிடையாது.

அட்டை ஒவ்வொன்றிலும் அவரவர் புகைப்படம்,
கீழே ஒரே வரி:
தொடாதே. உள்ளே என் கை இருக்கிறது.
வகுப்பே சிரித்தது.
வெற்றிமுருகன் தன் அட்டையைச்
சைக்கிள் சீட்டில் மாட்டிக்கொண்டு போனான்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி அந்த சேகோ ஆலை.
பத்து ஆலை கேட்டதில் இது ஒன்றுதான் சரி என்றது.
கிழங்கு லாரி வரிசை, தரையெல்லாம் மாவுப்பால்,
திப்பியின் புளித்த வாடை
நம் சட்டையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வரும்.
காயும் களத்துக்கு அப்பால் சேர்வராயன் மலை
நீலமாக, யாரும் நிமிர்ந்து பார்க்காமல்.

முதல் நாள் நான் சொன்னது இவ்வளவுதான்:
நிறுத்து. பூட்டு. அட்டையை மாட்டு.
பிறகு பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பார்,
ஓடவில்லை என்று உன் காதே சொல்லட்டும்.
சாவி உன் பையில்.
மேஸ்திரி கேட்டால்? தரமாட்டோம்.
முதலாளி கேட்டால்? தரமாட்டோம்.
நான் கேட்டால்?
பதினான்கு குரலும் ஒன்றாக: தரமாட்டோம்.
அந்தத் தேர்வில் எல்லாருக்கும் முழு மதிப்பெண்.
திருத்துவது சுலபமாக இருந்தது.

ஒன்பதாம் நாள், பதினொன்றே காலுக்கு, ஃபோன்.
"மேடம், உங்க புள்ள அரவையப் பூட்டிட்டு
சாவியத் தரமாட்டேங்குது."

கல் சிக்கியிருக்கிறது.
ஓடட்டும், கட்டையை விட்டு நெம்பு
என்றிருக்கிறார் மேஸ்திரி பச்சமுத்து.
முப்பது வருஷமாக அப்படித்தான் நெம்புகிறார்,
அதில் இருபது வருஷம் ஒன்பது விரலால்.
கோகிலவாணி நிறுத்தினாள், பூட்டினாள், கல்லை எடுத்தாள்.
எடுக்கும்போதுதான் பார்த்தாளாம்:
பெல்ட் மூடிக்கு நாலு போல்ட்டில் மூன்று இல்லை,
கட்டுக்கம்பி முறுக்கி நிற்கிறது.
போல்ட் வந்தால் சாவி
என்றிருக்கிறாள்.

பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.
ஜன்னலோரம் ஒரு வாக்கியம் தயார் செய்தேன்:
"இன்னைக்கு மட்டும் திறந்து விட்ரும்மா,
அப்புறம் பேசிக்கலாம்."
இந்த ஆலையும் துரத்திவிட்டால்
பதினான்கு பயிற்சிப் பதிவேடும் வெறும் தாள்.
நியாயமான வாக்கியம்தான்.
உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

ஆறு லாரி நின்றிருந்தது.
உரித்த கிழங்கு கறுக்கத் தொடங்கியிருந்தது.
சுவிட்ச் பலகைக்குக் கீழே
கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தாள்.
அழுத முகம். ஈரத்தில் மாவு ஒட்டியிருந்தது.
நான் வாயைத் திறக்குமுன்
"நீங்களும் கேக்கக் கூடாது மேடம்" என்றாள்.
"நாலாவது கேள்வி."

எதிரே இரும்புக்கடை.
போல்ட் மூன்று, நட்டு, வாஷர், முப்பத்தாறு ரூபாய்.
இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது கடை.

அவளே முறுக்கினாள். ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது.
யாரும் கிட்டே போகவில்லை, நானும்.
பூட்டைத் திறந்தாள்.
அரவை ஓடியது.
யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
ஆகாமல் போனதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மேஸ்திரி என்னிடம் மட்டும் சொன்னார்,
"அடுத்த தடவை ஆம்பளப் பசங்களா அனுப்புங்க."
கழற்றிய கட்டுக்கம்பியைச் சுருட்டிச்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார், பத்திரமாக.

பதிவேட்டில் 'கற்ற திறன்' என்ற இடம்
ஒரு விரல் அகலம்.
போல்ட் முறுக்குதல் என்று எழுதியிருந்தாள்.
கையெழுத்துப் போட்டேன்.

அவள் பூட்டில் சிவப்பு பாதி உரிந்துவிட்டது,
இன்னொரு குப்பி வாங்கவேண்டும்.
பஸ்ஸில் தயார் செய்த அந்த வாக்கியம் மட்டும்
ஒரு எழுத்துப் பிசகாமல் இன்னும் மனப்பாடம்.